இனிப்பு நீர் (நீரிழிவு) பரம்பரையா, நம் வாயா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன், வயது 38. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் அளவு) 6.0. நம் நாட்டில் 6.3 தொட்டால் இனிப்பு நீர் என்கிறார்கள். அதாவது வாசற்படியில் நிற்கிறேன்.

அப்பாவுக்கும் அத்தைக்கும் இருக்கிறது. "உங்கப்பா வீட்டுச் சொத்து, எங்கே போகும்?" என்கிறார் அம்மா. ஆனால் தாத்தா இதே பக்கத்துத் தோட்டத்தில் விடியும் முன்னே பால்மரம் சீவப் போனவர். சீனி அள்ளிப் போட்ட கோப்பிதான் குடிப்பார். அவருக்கு இந்த நோய் இல்லை (பரிசோதித்ததே இல்லை என்பது வேறு விஷயம்). நானோ தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்ததும் ரொட்டி சானாய், தே தாரிக், அப்புறம் தூக்கம். பழியை முழுசாகப் பரம்பரை மேல் போட மனசு வரவில்லை. ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் பெரியவர்கள் 31 விழுக்காட்டினருக்கு இது இருந்ததைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

இரவு வேலை பார்த்துக்கொண்டே ரத்தச் சீனி அளவைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நடு இரவில் என்ன சாப்பிட்டீர்கள்? சோற்றை விட்டீர்களா, குறைத்தீர்களா? என் மகனுக்கு 9 வயது, கொஞ்சம் குண்டு. அவனையும் இப்போதே பரிசோதிக்கலாமா?