நெடுநாள் கதையில் திடீரென்று முளைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்: எப்படிக் கொண்டுவருவது?

அங்மோகியோ அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கான தமிழ் நாடகக் குழு ஒன்று இருக்கிறது. அதற்கு அரை மணி நேர நாடகங்கள் எழுதித் தருகிறேன். ஒவ்வொன்றும் தனிக்கதை, ஆனால் குடும்பம் ஒன்றுதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிதம்பரம், அவர் மனைவி மரகதம், கோபித்துக்கொண்டு அடிக்கடி தாய்வீட்டுக்கு வந்து நிற்கும் மகள், தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கும் பேரன். அங் மோ கியோ வட்டாரத்தில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பல ஆண்டுகளாக இவர்களோடு குடித்தனம் நடத்துகிறேன். பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். காப்பிக் கடையில் என்னைக் கண்டால், "மரகதத்தின் முழங்கால் வலி இப்போது தேவலையா?" என்று விசாரிக்கிறார்கள்.

அண்மையில் குழுவில் ஒருவர் சேர்ந்திருக்கிறார். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். கணீரென்ற குரல், வசனத்தை விழுங்காமல் பேசுகிறார். அவருக்குக் கட்டாயம் ஒரு வேடம் கொடுக்க வேண்டும். இயக்குகிற தம்பி சொல்வது இது: "பக்கத்து வீட்டுக்காரராகப் போட்டுவிடுங்கள் அக்கா. முப்பது வருடமாகச் சிதம்பரத்தின் உயிர் நண்பர் என்று ஒரு வரி எழுதினால் போதும்."

என் கை எழுத மறுக்கிறது. காரணம் சொல்கிறேன். முந்தைய நாடகம் ஒன்றில் சிதம்பரத்துக்கு நெஞ்சுவலி வருகிறது. இரவு இரண்டு மணி. ஆம்புலன்சுக்காக 995க்கு அழைத்துவிட்டு மரகதம் தாழ்வாரத்துக்கு ஓடி வருகிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியவில்லை. தட்டுவதற்குத் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கணவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். வசனமே கிடையாது. அன்றைக்கு நாடகம் முடிந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்றார். இப்போது முப்பது வருட நண்பரைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவைத்தால், அந்த இரவில் அவர் எங்கே போயிருந்தார்?

தொலைக்காட்சித் தொடர்களில் இது வாடிக்கைதான். "என்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அத்தை" ஐந்தாவது வருடத்தில் வந்து இறங்குவார். கதாநாயகியின் அப்பா இறந்த வீட்டிலும், கல்யாணப் பந்தலிலும் அவரைப் பார்த்த நினைவு நமக்கு இருக்காது. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? யாராவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிடோக் தொடர்ப்பிரியன்:

அக்கா, உங்கள் கை சரியாகத்தான் மறுக்கிறது. இதற்கு இரண்டு அமெரிக்க உதாரணங்கள் உண்டு.

'லாஸ்ட்' தொடரில் விமான விபத்தில் தப்பியவர்கள் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். 2006இல் மூன்றாம் பருவம் தொடங்கியபோது நிக்கி, பாவ்லோ என்று இருவரை முன்னால் கொண்டுவந்தார்கள். முதல் நாளிலிருந்தே அதே கடற்கரையில் இருந்தவர்களாம். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 2007 மார்ச்சில் அவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் எடுத்தார்கள். பழைய விபத்துக் காட்சிகளுக்குள் இருவரையும் நுழைத்து, 'அப்போதும் இருந்தார்கள்' என்று காட்டினார்கள். அதே அத்தியாயத்தின் முடிவில் சிலந்திக்கடியால் அசைவற்றுக் கிடந்த இருவரையும், செத்துவிட்டார்கள் என்று நினைத்து உயிரோடு புதைத்துவிட்டார்கள். என் கருத்தில் தவறு நடிகர்களுடையது அல்ல. பார்வையாளர் இரண்டு பருவம் கூடவே வாழ்ந்த கடற்கரையை, 'நீ சரியாகப் பார்க்கவில்லை' என்று சொன்னதுதான் தவறு.

மற்றது 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடர். அதில் நாயகனின் கட்டடத்திலேயே குடியிருக்கும் நியூமன் 1991இல் முதலில் வெறும் குரலாகத்தான் வருகிறார். ஆளைப் பார்ப்பது 1992இல், வேன் நைட் நடிக்க வந்த பிறகு. அப்புறம் மறு ஒளிபரப்புக்காக அந்தப் பழைய குரலையும் நைட்டின் குரலாக மாற்றினார்கள். அந்த மாற்றம் எனக்குத் தேவையில்லாததாகப் படுகிறது. ஆனால் முதலில் குரல், பிறகு ஆள் என்ற வரிசையைக் கவனியுங்கள். குரல் காதில் விழுந்துவிட்டால், ஆள் வரும்போது யாரும் 'இவர் யார்' என்று கேட்பதில்லை.

கேமராவுக்குப் பின்னால்:

'ஏன் செய்கிறார்கள்' என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சில தமிழ் நாடகங்களில் தயாரிப்பு வேலை பார்த்திருக்கிறேன்.

முதல் காரணம், உறவுக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் எழுத எளிது. புதிதாக ஒரு சித்தப்பாவைக் கொண்டுவந்தால் அவருக்கும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் உறவு முறை, பழைய பகை, சொத்துப் பங்கு எல்லாம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கதவு போதும். சர்க்கரை கேட்டு வரலாம், செய்தி சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு நடிகர் விலகிவிட்டார், அவர் பேச வேண்டிய வசனங்கள் கையில் நிற்கின்றன என்றால், முதலில் எல்லாருக்கும் தோன்றுவது அந்தக் கதவுதான்.

அடுத்தது அரங்கு. வீட்டை அரங்கில் கட்டும்போது மூன்று சுவர்தான் கட்டுவார்கள். நான்காவது பக்கம் கேமராவும் விளக்கும் நிற்கும். அண்டை வீடு என்பது பல நேரங்களில் கட்டப்படவே இல்லை. உண்மையான புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) எடுக்கலாம் என்றால் அனுமதி வாங்க வேண்டும், குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், சத்தத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். ஆகவே தாழ்வாரக் காட்சிகளைக் குறைப்போம். அண்டை வீட்டார் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடரில் பழைய அத்தியாயங்களைத் திருப்பிப் பார்த்து எழுத நேரமும் கிடையாது.

ஆனாலும் நான் உங்கள் இயக்குநர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நல்ல நடிகர் வந்து கதவைத் திறந்தால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். ஒரு வரிக்காக இத்தனை தூக்கம் கெட வேண்டாம்.

அங்மோகியோ அக்கா:

தம்பி, நீங்கள் சொல்லும் நெருக்கடிகள் நியாயமானவை. அரங்கு விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் எங்கள் பார்வையாளர்களின் எண்ணிக்கை சிறிது, நினைவு பெரிது. பேரனுக்குத் தேசிய சேவை எப்போது முடியும் என்று என்னைவிட அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நெஞ்சுவலிக் காட்சியை நம்பி அழுதவரிடம் போய், 'பக்கத்திலேயே உயிர் நண்பர் இருந்தார்' என்று நான் சொல்லமாட்டேன். வேடம் கட்டாயம் உண்டு. அந்த முப்பது வருடம்தான் கூடாது.

கதைப்பிரியை:

பொய்யான நினைவையே கதையாக்கிய ஒரு தொடரும் இருக்கிறது. 'பஃபி' என்ற மாயக்கதைத் தொடரின் ஐந்தாம் பருவம் 2000இல் தொடங்கியபோது, ஒரே பிள்ளையான நாயகிக்குத் திடீரென்று ஒரு தங்கை இருப்பாள். எல்லோரும் அவளைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள்போல் பேசுவார்கள். சில வாரங்கள் கழித்துத்தான், துறவிகள் சிலர் அவளை உருவாக்கி எல்லோர் நினைவையும் மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியவரும். குழம்பியது நம் தவறல்ல என்று கதையே ஒப்புக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் அது. உங்கள் புளோக்குக்கு இந்த மாயம் பொருந்தாது என்பது தெரியும், அக்கா.

குடிவைப்பதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் 'கொரோனேஷன் ஸ்திரீட்' தொடர். 1960 முதல் ஓடுகிறது. முன்பு தெருவின் ஒரு பக்கம்தான் வரிசை வீடுகள். எதிர்ப்பக்கம் தொழிற்சாலையும் சமூகக் கூடமும். 1989இல் கதையிலேயே அவற்றை இடித்து, புது வீடுகளும் கடைகளும் கட்டினார்கள். புது ஆட்கள் வர வேண்டும் என்றால் அவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மனை வேண்டும் என்று நினைத்த அந்த அக்கறையை மதிக்கிறேன்.

தோ பாயோ பழையவர்:

அக்கா, உங்கள் கதை நடப்பது வீவக புளோக்கில். விடையும் அங்கேயே கிடைக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அவர் முன்பே அதே புளோக்கில் இருந்தவர், ஆனால் நண்பர் அல்லர். பழைய புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடியில் இறங்கி, ஒரு மாடியோ இரண்டு மாடியோ படியேற வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்படி ஏறியவர்கள் அடுத்தவர் வாசலைக் கடந்துதான் போனார்கள், முகம் பழகியது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, நிறைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்கும் வசதி வந்தது. வயதானவர்களுக்கு அது பெரிய வரம். கூடவே, மேல்மாடிக்காரர் நம் வாசல் வழியாக நடப்பதும் நின்றுபோயிற்று. ஆகவே இருபது வருடம் தலையசைத்து, பெயர் கேட்காத ஒருவர் இருப்பது முழுக்க நம்பக்கூடியது. மரகதம் அந்த இரவில் அவர் கதவைத் தட்டியிருக்கவும் மாட்டாள்.

இரண்டு, புதிதாகக் குடிவருகிறார். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு மூவறைக்கு மாறுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவருக்குப் பொருத்தமான வாழ்க்கை. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தாருக்கும் இவ்வளவு வீடுகள்தான் என்று வரம்பு வைக்கும் இன விகிதாசாரக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. புளோக்கில் இந்தியர்களுக்கான விகிதம் நிரம்பியிருந்தால் சீனக் குடும்பத்தின் வீட்டை இந்தியர் வாங்க முடியாது. இந்தியர் விற்கும் வீட்டை வாங்கலாம். உங்கள் பார்வையாளர்களில் வீடு விற்று வாங்கிய அனுபவம் இல்லாதவர் யார்? சிதம்பரத்தின் பக்கத்து வீட்டில் முன்பு யார் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்?

அங்மோகியோ அக்கா:

ஐயா, நல்ல வேளை கேட்டீர்கள். பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்துவிட்டேன். இடப்பக்கம் திருமதி டான். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போவார், அந்த நெஞ்சுவலி இரவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வலப்பக்கத்து வீட்டைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. புளோக்கில் வேறு இந்தியக் குடும்பம் இருப்பதாகவும் எழுதியதில்லை. ஆகவே விகிதம் நிரம்பவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

குடிவருகிற வழியையே எடுத்துக்கொள்ளப் போகிறேன். மேல்மாடிக்காரர் யோசனையும் பிடித்திருக்கிறது. ஆனால் இவருடைய குரலை வீணாக்க மனமில்லை. அடுத்த நாடகத்தில் அவர் மேடைக்கே வரமாட்டார். மின்தூக்கி அருகே புதுப்பிப்பு வேலை அறிவிப்புத் தாள் ஒட்டியிருப்பதைப் பேரன் வந்து சொல்கிறான். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இடிக்கும் சத்தம். சிதம்பரத்துக்கு மதியத் தூக்கம் போயிற்று. மரகதம் கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள். சத்தம் நிற்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கணீர்க் குரல்: "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, இன்னும் ஒரு மணி நேரம்தான்." தமிழில்! மரகதம் கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். அதற்கடுத்த நாடகத்தில் ஆள் வருவார். அவருக்குச் சிதம்பரத்தின் நெஞ்சுவலி தெரியாது. மரகதம்தான் சொல்ல வேண்டும், முதல் தடவையாக வாய்விட்டு. நான் இதுவரை அவளுக்கு அந்த வசனத்தை எழுதவே இல்லை.

இயக்குகிற தம்பியிடம் நேற்றே பேசிவிட்டேன். 'முதல் நாடகத்தில் குரல் மட்டுமா' என்று தயங்கினார். ஓட்டுநர் ஐயா உடனே ஒப்புக்கொண்டார். ஒத்திகை சனிக்கிழமைக் காட்சியிலிருந்து தொடங்குகிறது: குடும்பமே வீட்டில் இருக்கும்போது இடிக்கிறார்கள்.

தோ பாயோ பழையவர்:

அருமை. ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள். இடிப்பது, ஓடு வெட்டுவது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வார நாட்களில், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் வீவக அனுமதி. சனிக்கிழமை இடித்தால் உங்கள் பார்வையாளர்கள் நாடகம் முடியும்வரை காத்திருக்கமாட்டார்கள், அங்கேயே எழுந்து கேட்டுவிடுவார்கள். பேரனுக்கு ஒருநாள் விடுப்புக் கொடுத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.

அங்மோகியோ அக்கா:

மாற்றிவிட்டேன், ஐயா. வெள்ளி, மதியம் 2 மணி.