காலால் படிக்கும் கல்லுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

வரிமாற்றி | திங்கள், காலை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

தெரு வடிவமைப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை, முதியவர், சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர் என எல்லோரும் தடுக்காமல் போய்வரக்கூடிய தெரு, மழைநீரையும் மரத்தையும் பகைத்துக்கொள்ளாத தெரு, இதுதான் நூலின் பொருள். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

ஒன்று, டாக்டைல் பேவிங். நடைபாதையில் மஞ்சளாக, புள்ளி புள்ளியாகவோ நீளக் கோடாகவோ மேடு வைத்துப் பதிக்கிற கல். பார்வையற்றவர்கள் பாதத்தாலும் கைக்கோலாலும் அறிந்து நடப்பதற்கு. இதுவரை ‘தொட்டுணர் தளக்கல்’ என்று போட்டு வந்தேன். படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் எழுத இடம் போதவில்லை. அதோடு, யாரும் குனிந்து தொடப்போவதில்லையே என்று ஓர் உறுத்தல்.

இன்னொன்று, கெர்ப் ராம்ப். நடைபாதையின் ஓரக்கல்லைத் தாழ்த்திச் சாலை மட்டத்துக்குச் சரித்து இறக்கும் இடம். ‘சாய்தளம்’ என்று எழுதலாம். ஆனால் கட்டட வாசலில் இருப்பதும் சாய்தளம்தான். இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

சுருக்கமாக, சொன்னவுடன் புரிவதாக ஏதாவது கொடுங்கள்.

ஓலைக்கட்டு | திங்கள், பிற்பகல்

அம்மா, இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சொல் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின்’ என்ற குறளில் தொடுபுலனுக்கு என்ன பெயர்? ஊறு. உறு என்பது நீண்டு ஊறு ஆனது. பெறு, பேறு, சுடு, சூடு, அதே வாய்பாடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

தொல்காப்பியர் அறிவை அடுக்கும்போதும் ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று இதையே முதலில் வைக்கிறார். உறுதல் கையால் மட்டும் நடப்பதில்லை, உடம்பு முழுவதற்கும் உரியது. ஆகவே குனிந்து தொட வேண்டுமோ என்ற உங்கள் உறுத்தலும் தீர்ந்தது. (உறுத்தலும் உறுவிலிருந்து வந்ததுதான்.)

என் பரிந்துரை: ஊறுகல்.

எளியவன் | திங்கள், மாலை

ஐயா, நடைபாதையில் ஊறுகாய் ஜாடியை வைத்த மாதிரி இருக்கிறது. மன்னிக்கவும்.

அது போகட்டும். ஊறு என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பொருள் தீங்கு. ‘ஊறு விளைவித்தல்’. பார்வையற்றவர் விழாமல் இருக்க ஒரு கல்லைப் பதித்து, அதற்குத் தீங்குக்கல் என்று பெயர் வைப்பதா? ‘தொடுகல்’ போதும்.

ஓலைக்கட்டு | திங்கள், இரவு

தம்பி, தீங்கும் உறுவதுதான், ஆகவே வேர் ஒன்றே. ஊறுகாயில் இருப்பது வேறு ஊறு, நீர் ஊறுவது. அதையும் இதையும் குழப்புவது வேர் தெரியாதவர் வேலை. ‘தொடுகல்’ மட்டும் என்ன? தொடு என்றால் தோண்டு என்றும் பொருள். தோண்டி எடுத்த கல் என்று ஒருவர் படித்தால்?

ஒற்றுப்பிழை | திங்கள், நள்ளிரவு

இரண்டு பேரும் ஒரே குறளில் மாட்டிக்கொண்டீர்கள். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’. அங்கே தொடுதல் தோண்டுதல், ஊறுதல் நீர் சுரத்தல். உங்கள் இரண்டு சொல்லும் கிணற்றுக்குள் போய்விட்டன.

இலக்கணமாகவும் ஒரு ஐயம். ஊறு பெயர்ச்சொல் என்கிறீர்கள். நெடில்தொடர்க் குற்றியலுகரம். சோறு சோற்றுப்பானை ஆகிறது, ஆறு ஆற்றுநீர் ஆகிறது. அப்படியானால் ஊறு + கல் என்ன ஆகும்? ஊற்றுக்கல்! மறுபடியும் கிணறு.

ஓலைக்கட்டு | செவ்வாய், விடியற்காலை

வேற்றுமையில்தான் றகரம் இரட்டும். நான் சொல்வது வினைத்தொகை, உறுகல் நீண்டது என்று கொள்க.

ஒற்றுப்பிழை | செவ்வாய், காலை

நேற்று தொழிற்பெயர், இன்று வினைத்தொகையா? சரி.

தார்ச்சாலை | செவ்வாய், முற்பகல்

நான் தெரு வரைபடம் போடுகிறவன். இலக்கணத்துக்குள் வரவில்லை. ஆனால் நீங்கள் பெயர் வைக்கும் பொருள் ஒன்றல்ல, இரண்டு. அது தெரியாமல் வைத்தால் பின்னால் சிக்கல்.

நீளக் கோடு போட்ட கல், கோடு போகும் திசையில் நட என்று சொல்கிறது. உருண்டை மேடு போட்ட கல், முன்னால் சாலை இருக்கிறது அல்லது படி இருக்கிறது, கவனி என்று சொல்கிறது. மேட்டின் உயரம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். குறைந்தால் செருப்பைத் தாண்டிக் காலுக்குத் தெரியாது. கூடினால் தடுக்கிவிடும், சக்கர நாற்காலியும் குலுங்கும். 2012இல் வந்த ஐஎஸ்ஓ 23599 என்ற பன்னாட்டுத் தரத்திலும் இவை இரண்டும் தனித்தனி வகைகள்தான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்து எழுதினால், கட்டுபவர் கையில் கிடைத்ததைப் பதித்துவிடுவார். அப்புறம் குறுக்குச் சாலைக்கு நடுவே ‘நட’ என்று சொல்லும் கல் இருக்கும்.

இன்னொன்று. வரிமாற்றி கேட்ட இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று உறவு. முன்பெல்லாம் நடைபாதை ஓரத்தில் ஒரு படி இறங்கினால் சாலை வந்துவிட்டது என்று பார்வையற்றவர் காலாலேயே அறிந்துகொள்வார். சக்கர நாற்காலிக்காக அந்தப் படியைச் சரித்துச் சாலையோடு சமமாக்கினோம். ஒருவருக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்கு அடையாளம் போயிற்று. அதை ஈடுகட்டத்தான் சரிவின் அடியில் உருண்டை மேட்டுக் கல். ஆகவே கையேட்டில் இவை எப்போதும் அடுத்தடுத்து வரும். ஒன்றுக்குச் சங்கத்தமிழும் இன்னொன்றுக்குக் கடைத்தெருத் தமிழும் வைத்தால் ஒட்டாது.

பனையடி | செவ்வாய், மாலை

கெர்ப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கத்தில் விளிம்புக்கல் என்றாலும் விளங்கும். எனக்குக் ‘கரைக்கல்’ பிடித்திருக்கிறது. மழைநீர் அதையொட்டித்தானே ஓடுகிறது? சாலை ஆறு, நடைபாதை கரை.

எளியவன் | செவ்வாய், இரவு

ஆஹா. கரை என்றால் இறங்குகிற இடத்துக்குப் பெயர் தயாராக இருக்கிறதே: துறை! படித்துறையில் படி இருக்கும், இங்கே சரிவு. ‘சாய்துறை’ அல்லது ‘இறங்குதுறை’.

பனையடி | செவ்வாய், இரவு

இறங்குதுறை என்றால் எங்களுக்குப் படகு வந்து நிற்கும் இடம், அண்ணா. சக்கர நாற்காலியைக் கடலில் இறக்க வேண்டாம்.

தார்ச்சாலை | புதன், காலை

சாய்துறை கேட்க அழகு. ஆனால் ‘துறை’ என்று எழுதினால் அரசுத் துறை என்று நினைக்கிற ஒருவராவது வருவார். ‘ஓரச்சரிவு’ என்றால் என்ன? 1:12 சரிவு என்று பல நாட்டு விதிகளில் உண்டு. அதாவது 15 செ.மீ. உயர ஓரக்கல்லுக்கு 1.8 மீட்டர் நீளம். வரைபடத்தில் ‘ஓரச்சரிவு 1:12’ என்று எழுதினால் கொத்தனாருக்கும் புரியும். கரை, ஆறு என்ற உவமையை நான் வேறு காரணத்துக்காக அஞ்சுகிறேன். சரிவின் அடியில் உண்மையிலேயே தண்ணீர் தேங்கும். வடிகால் வாயைச் சரிவுக்குச் சற்று மேல்மட்டத்தில் வைத்துத் தண்ணீரை அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அதை மறந்த தெருக்களில் மழை நாளில் துறையேதான்.

ஓலைக்கட்டு | புதன், பிற்பகல்

‘ஒன்றறிவதுவே’ என்று தொடங்கிய நூற்பாவுக்கு அடுத்ததையும் பாருங்கள்: ‘புல்லும் மரனும் ஓரறி வினவே’. தெருவோர மரத்துக்கு இருப்பதும் உற்றறிவு ஒன்றுதான். நடைபாதைக் கல்லை அது வேரால் தூக்குகிறதே, அதுவும் ஊறுதான். ஆக ஒரே கல்லை மேலிருந்து மனிதனும் கீழிருந்து மரமும்...

தார்ச்சாலை | புதன், பிற்பகல்

ஐயா, மரத்தைக் குறை சொல்ல வேண்டாம். கீழே மண்ணை இறுக்கிக் கெட்டித்துவிட்டு மூன்றடிக் குழியில் நட்டால், காற்றும் ஈரமும் கிடைக்கிற இடம் கல்லுக்கு நேர் அடியில்தான். வேர் அங்கே வரும். குழியைப் பெரிதாக்கி, நீர் இறங்கும் தளம் போட்டால் பாதித் தொல்லை குறையும். ஒரு விரல் தூக்கிய கல் போதும், ஊன்றுகோல்காரர் விழுவதற்கு.

வெண்கோல் | புதன், இரவு

எல்லா மடலையும் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டேன். நான் பிறவியிலேயே பார்வையற்றவன், இந்தக் கல்லின் மேல் நெடுங்காலமாக நடக்கிறவன். ஒருமுறை அதை நம்பி நேராகப் போய் விளக்குக் கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். கல் பதித்தவர் கம்பத்தை நகர்த்தவில்லை, கோட்டையும் வளைக்கவில்லை. அன்றைக்கு ஓலைக்கட்டு ஐயாவின் ‘ஊறு’ எனக்கு இரண்டு பொருளிலும் கிடைத்தது.

என் நண்பர்களுக்குள் நாங்கள் ‘வரி’, ‘குமிழ்’ என்போம். வரி வந்தால் நட, குமிழ் வந்தால் நில். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான். இது போதுமா என்று தெரியவில்லை, ஏனென்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. ‘மஞ்சள் கல்’ என்று பார்வை உள்ளவர்கள் சொல்வார்கள். மஞ்சள் எனக்கு உதவாது, மங்கலாகத் தெரிகிறவருக்கு நிறைய உதவும்.

ஒரு வேண்டுகோள். சொல்லை வைக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். ‘தடக்கல்’ என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். திரைவாசிப்பான் வேகத்தில் அது ‘தடைக்கல்’ என்றுதான் என் காதில் விழுந்தது.

ஒற்றுப்பிழை | வியாழன், காலை

தடக்கல் நான்தான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வரியும் குமிழும் அருமை. ஓலைக்கட்டு ஐயா குமிழ் என்பது ஒரு மரத்தின் பெயர் என்று எழுதத் தொடங்கியிருப்பார்.

ஓலைக்கட்டு | வியாழன், காலை

எழுதிவிட்டேன், அனுப்பவில்லை.

பனையடி | வியாழன், முற்பகல்

இந்தக் கல்லை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே. 1967 மார்ச் 18 அன்று ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்குப் பக்கத்துச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் ‘தென்ஜி புரொக்கு’, அதாவது பிரெய்ல் கல். அதில் பிரெய்ல் எழுத்து ஒன்றுமே கிடையாது! ஆனாலும் எல்லோருக்கும் விளங்குகிறது. சொல் பொருளை முழுதும் விளக்கத்தான் வேண்டும் என்று நாம் ஏன் அடம்பிடிக்கிறோம்?

எளியவன் | வியாழன், பிற்பகல்

அப்படியென்றால் ‘டாக்டைல்’ என்றே விட்டுவிடலாமே. ரயிலையும் பேருந்தையும் என்ன செய்தோம்?

ஒற்றுப்பிழை | வியாழன், பிற்பகல்

பேருந்து தமிழ்தான்.

எளியவன் | வியாழன், பிற்பகல்

பாதி.

வரிமாற்றி | வியாழன், மாலை

நாளைக்கு வெள்ளி. பேருந்தை இன்னொரு நாள் பிரிக்கலாம். நான் ஒன்று சொல்கிறேன், கடுமையான மறுப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பொதுப்பெயர்: உணர்கல். வகைகள்: வரி உணர்கல், குமிழ் உணர்கல். ஓரக்கல் அப்படியே. கெர்ப் ராம்ப்: ஓரச்சரிவு. நூல் தலைப்பில் ‘உள்ளடக்கிய’ என்று போட மனம் வரவில்லை, அதற்குள் ‘அடக்கு’ உட்கார்ந்திருக்கிறது. ‘அனைவருக்குமான, நீடித்த தெருக்கள்’ என்று வைக்கிறேன்.

தார்ச்சாலை | வியாழன், மாலை

ஒப்புதல். அம்புக்குறிக்குப் பக்கத்தில் இடமும் போதும்.

வெண்கோல் | வியாழன், இரவு

கேட்டுப் பார்த்தேன். தெளிவாக ஒலிக்கிறது. சரி.

பனையடி | வியாழன், இரவு

சரி. ‘நீடித்த’ இடத்தில் நாங்கள் ‘நிலைபேறான’ என்போம். சண்டை போட நேரமில்லை.

ஓலைக்கட்டு | வியாழன், நள்ளிரவு

உணர்தல் மனத்தின் வேலை. கவிதையையும் உணர்கிறோம், குற்றத்தையும் உணர்கிறோம். தொடுபுலனுக்குரிய தனிச்சொல் நம்மிடம் இருக்கும்போது ஐம்புலனுக்கும் பொதுவான சொல்லை எடுப்பது, வெண்டைக்காய் கேட்டவருக்குக் காய்கறி என்று கொடுப்பது. என் மறுப்பைப் பதிவு செய்க. வேலை நிற்க வேண்டாம்.

வரிமாற்றி | வெள்ளி, இரவு

அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. கடைசி நேரத்தில் ஒரு கூத்து. எழுத்துப்பிழை திருத்தும் செயலி ‘உணர்கல்’ அத்தனையையும் ‘உணர்தல்’ ஆக்கியிருந்தது. ‘சந்திப்பில் மஞ்சள் நிற உணர்தலைச் சிமெண்ட் வைத்துப் பதிக்கவும்’ என்ற வரியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் கையால் மாற்றினேன். எங்காவது ஒன்று தப்பியிருக்கும்.

தார்ச்சாலை | சனி, காலை

நேற்றே கேட்டிருக்க வேண்டும். இது எப்போதும் கல்லாக இருக்காது. ரப்பர் விரிப்பாக ஒட்டுவார்கள், எஃகுக் குமிழாக ஒவ்வொன்றாகத் துளையிட்டும் பதிப்பார்கள். அதையும் உணர்கல் என்றா எழுதுவது?

எளியவன் | சனி, காலை

மைல்கல்லை இப்போது தகரத்தில்கூடச் செய்கிறார்கள். மைல்தகரம் என்றா சொல்கிறோம்?

ஓலைக்கட்டு | சனி, முற்பகல்

கல் என்ற சொல்லைப் பற்றி இருவருக்கும் ஒரு செய்தி. கல்லுதல் என்றாலும் தோண்டுதல்தான். நாளை விரிவாக எழுதுகிறேன்.