முடிதரை மட்டமா, பாவுமட்டமா? (கலைச்சொல் விவாதம்)

திருநகர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கொத்தனார் பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டட வரைபடத்தில் எஃப்.எஃப்.எல். (ஃபினிஷ்டு ஃப்ளோர் லெவல்) என்று குறிக்கிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடிந்தபின் காலில் படுகிற பரப்பின் மட்டம். வேலையிடத்தில் 'பினிஷிங் லெவல்' என்கிறார்கள். 'தரைமட்டம்' என்று போட்டால், வீட்டை இடித்துவிட்டீர்களா என்கிறார் மெய்ப்புப் பார்ப்பவர்.

திருமங்கலம் எழுதியது:

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம் ஐயா. கீழே வெளித்தரை. அதற்கு மேல் பேஸ்மட்டம், அதாவது வீட்டு அடித்தளத்தின் மேல்மட்டம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்குச் சுற்றுத் தரையிலிருந்து 450 மி.மீ.யாவது வேண்டும் என்கிறது. தார் போடும்போதெல்லாம் தெரு உயர்கிற ஊரில் அது காணாது. அதற்கும் மேலேதான் நீங்கள் கேட்பது. கான்கிரீட்டின் மேல் கலவை 40 மி.மீ., டைல்ஸ் 10 மி.மீ., ஆக 2 இஞ்ச். வில்லங்கமெல்லாம் இந்த 2 இஞ்சில்தான். கான்கிரீட்டிலிருந்து அளந்து 7 அடிக்குக் கதவு நிலை வைத்தால் டைல்ஸ் ஒட்டியதும் 6 அடி 10 இஞ்ச்தான் மிஞ்சும், கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். படிக்கட்டில் இன்னும் மோசம். எல்லாப் படியும் 6 இஞ்ச் என்று வார்த்துவிடுவார்கள். படிமேல் கிரானைட்டும் கலவையுமாக 1½ இஞ்ச், தரைமேல் 2 இஞ்ச். முதல் படி 5½ ஆகும், மாடியில் ஏறும் கடைசிப் படி 6½ ஆகும். கால் இடறுவது அங்கேதான்.

அனுப்பானடி எழுதியது:

'முடிதரை மட்டம்' எனலாம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வல்லினம் மிகாது. தயவுசெய்து 'முடித்தரை' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

செல்லூர் எழுதியது:

மிகாவிட்டாலும் முடிதிருத்தகத் தரைதான் நினைவுக்கு வருகிறது. கோயிலில் கல் பாவிய தரை என்கிறோம், சொல் கையிலேயே இருக்கிறது: 'பாவுமட்டம்'. பர, பரவு, பா, பாவு, பாய் எல்லாம் ஒரே குடும்பம். இங்கே தறியில் நீளவாட்டில் ஓடும் நூலும் பாவுதான். பாவின் மேல் ஊடை ஓடுவது போல, தரையின் மேல் வாழ்க்கை ஓடுகிறது. செய்யுளைப் பா என்றதும் பரந்துபட்டுச் செல்வதால்தான் என்பர்.

திருமங்கலம் எழுதியது:

அண்ணே, தறியிலிருந்து இறங்குங்கள். சிமெண்டுத் தரையிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் எதைப் பாவுகிறோம்?

மேலூர் எழுதியது:

'மட்டம்' தமிழ்தானா என்று யாரும் கேட்கவில்லையே. பள்ளிக்கு 'மட்டம்' போடுவது, 'மட்டமான' சரக்கு என்றெல்லாம் வழங்கும் சொல் நூலில் ஏறலாமா? 'நிரப்பு' என்ற பழஞ்சொல்லுக்குச் சமன் என்றும் பொருள் உண்டு. 'நிறைதள நிரப்பு' என்று ஆளலாம்.

அனுப்பானடி எழுதியது:

மட்டு என்றால் அளவு. 'மட்டும்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதே வேர்தான். ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் கொத்தனார் பையிலிருந்து பிடுங்கிவிட்டு எதைக் கொடுப்பீர்கள்? 'நிரப்பு' என்றால் அவர் மண்ணைக் கொட்டி நிரப்பிவிடுவார்.

மேலூர் எழுதியது:

நெடுநல்வாடையில் "நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு" என்று வருகிறது. மட்டம் என்ற சொல் இல்லாமலேதான் பாண்டியன் அரண்மனை எழுந்தது.

திருமங்கலம் எழுதியது:

அந்தக் கயிறு திசை குறிக்க இட்டது ஐயா. முந்தைய அடிகளிலேயே இரு கோல் நட்டு நிழல் பார்க்கிறார்கள். மட்டத்துக்குக் கயிறு ஆகாது, நீளம் கூடினால் நடுவில் தொய்யும். டியூப்பில் தண்ணீர் விட்டுத்தான் பார்க்க வேண்டும், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே ஒரு குமிழி நின்றாலும், ஒரு முனையைக் கட்டைவிரல் அடைத்திருந்தாலும் பொய் சொல்லும்.

செல்லூர் எழுதியது:

சரி, இலக்கணத்துக்கே வருகிறேன். வினைத்தொகை காலம் கரந்தது. 'முடிதரை' என்பது முடிந்த தரையா, முடிகிற தரையா, முடியப்போகிற தரையா? கலைச்சொல்லில் ஐயம் இருக்கலாமா? 'முடிந்த தரை மட்டம்' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

திருமங்கலம் எழுதியது:

காலம் கரந்திருப்பதால்தான் எனக்கு அது பிடிக்கிறது. குறி போடும் நாளில் தரையே இருக்காது. 'முடிந்த தரை' என்றால் கொத்தனார் கண்ணெதிரே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்வார், மேலே சொன்ன 2 இஞ்ச் பிழையும் அங்கேதான் பிறக்கிறது. வரப்போகும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் எல்லா அறைச் சுவரிலும் டியூப் வைத்து ஒரே கோடு அடிக்க வேண்டும். அங்கிருந்து கீழே அளந்தால் 3 அடி 2 இஞ்சில் கான்கிரீட் பரப்பு வர வேண்டும். நிலை, ஜன்னல், சுவிட்சுப் பெட்டி எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுதான் கணக்கு. ஹாலில் 20 மி.மீ. கிரானைட், அறையில் 10 மி.மீ. டைல்ஸ் என்றாலும் கோடு மாறாது, கலவைதான் மாறும். குளியலறைக்கு மட்டும் ஓர் இஞ்ச் இறக்கி, தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஓர் இஞ்ச் வாட்டம் கொடுங்கள்.

திருநகர் எழுதியது:

நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. 'முடிதரை மட்டம்' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'பினிஷிங் லெவல்' என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

செல்லூர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். சொல்லடைவில் "பாவுமட்டம்: காண்க, முடிதரை மட்டம்" என்றாவது ஒரு வரி வேண்டும்.

மேலூர் எழுதியது:

அப்படியே 'பேஸ்மட்ட'த்தையும் பாருங்கள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கோயில் கட்டடக்கலையில் அடிப்பீடத்துக்கு 'அதிட்டானம்' என்ற சொல் இருக்கிறதே?

திருநகர் எழுதியது:

ஐயா, அதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.