ஆன்ட்டி-ஸ்கேட்டிங்: ‘சறுக்கல் தடுப்பு’ பொருந்துமா?

வணக்கம்.

இசைத்தட்டு இயக்கி ஒன்றின் பயனர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எதிர் எடை, ஊசி அழுத்தம், ஊசித்தண்டு எல்லாம் முடிந்தன. ஊசியைத் தாங்கும் கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் (anti-skating) என்பதற்கு மட்டும் தமிழ்ச் சொல் அமையாமல் நிற்கிறது. அது வரும் இடம்:

“ஆன்ட்டி-ஸ்கேட்டிங் குமிழை 0-இல் வைத்து, கை ஏறாமலும் இறங்காமலும் கிடைமட்டமாக மிதக்கும் வரை எதிர் எடையைத் திருகுங்கள். எடையை அசைக்காமல் அதன் முன்னுள்ள எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்து 1.8 கிராமுக்குத் திருகுங்கள். கடைசியாக ஆன்ட்டி-ஸ்கேட்டிங் குமிழையும் 1.8-இல் வையுங்கள்.”

இப்போதைக்குச் ‘சறுக்கல் தடுப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

* * *

சரியில்லை ஐயா. பள்ளத்தில் ஓடும் ஊசி சறுக்குவதே இல்லை.

தட்டு சுழலும்போது உராய்வு ஊசியைப் பள்ளத்தின் தொடுகோட்டுத் திசையில் இழுக்கிறது. அந்தக் கோடு கையின் சுழல்மையம் வழியாகப் போனால் வம்பில்லை. ஆனால் கார்ட்ரிட்ஜ் (கையின் முனையில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) 22, 24 பாகை அளவுக்குக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கோடு சுழல்மையத்தை விட்டு விலகிப் போவதால் கை தட்டின் நடுவை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. ஊசி உட்சுவரில் அழுந்துகிறது, வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. உட்சுவரில் இருப்பது இடது ஒலித்தடம், வெளிச்சுவரில் வலது. உச்சஸ்தாயியில் முதலில் வலப்பக்கம் கரகரப்பது இதனால்தான். குமிழை அளவுக்கு மீறித் திருப்பினால் இடப்பக்கம் கரகரக்கும்.

ஆக, இது இழுவை. குமிழ் அதைத் தடுப்பதும் இல்லை. சுருள்வில்லாலோ நூலில் தொங்கும் சிறு எடையாலோ காந்தத்தாலோ வெளிப்பக்கம் இழுத்து ஈடுகட்டுகிறது. ‘உள்ளிழுவை ஈடு’ என்று போடுங்கள்.

* * *

> பள்ளத்தில் ஓடும் ஊசி சறுக்குவதே இல்லை

பள்ளமே இல்லாத மொட்டைத் தட்டில் இறக்கிப் பாருங்கள். குமிழ் 0-இல் இருந்தால் ஊசி சர்ரென்று நடுவுக்குச் சறுக்கும். ஆகவே சறுக்கல் பொய்யில்லை, பள்ளம் அதை மறைக்கிறது. (மொட்டைத் தட்டை வைத்துக் குமிழை அளவிடக் கூடாது என்பது வேறு விஷயம். வழவழப்பான பரப்பில் உராய்வு வேறு, பள்ளத்தில் வேறு.) சறுக்கல் என்றால் யாருக்கும் புரியும். ‘ஈடு’ என்றால் அடமானம் நினைவுக்கு வரும்.

* * *

இழுப்பையும் சறுக்கலையும் ஒருசேரச் சொல்லும் பழஞ்சொல் இருக்கிறதே! ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ (வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல்), குறள் 415. வழுக்கு, வழுக்கல் போல இழுக்கு, இழுக்கல். ‘இழு’ என்ற ஒலியும் உள்ளே கேட்கிறது. ‘இழுக்கல் ஈடு’ என்று வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் குறள் 118-க்குப் போங்கள். துலாக்கோலைச் சொல்லி ‘ஒருபால் கோடாமை’ (ஒரு பக்கம் சாயாமை) என்கிறார். ஊசி இரு சுவரிலும் சமமாக அமர்வதற்கு இதைவிட நல்ல சொல் ஏது? கோடாமைக் குமிழ்!

* * *

அம்மா, இழு வேறு, இழுக்கு வேறு. முன்னது இழுத்தான், பின்னது இழுக்கினான். ஒலி ஒன்றுபோல இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. இன்றைக்கு ‘இழுக்கு’ என்றால் பழி என்றுதான் படிப்பார்கள். ‘கோடாமை’ அழகான சொல், ஆனால் இங்கே தவறாக வழிகாட்டும். இந்தக் கையின் முனை வேண்டுமென்றே கோணலாக வளைக்கப்பட்டது. அந்தக் கோணல் இருப்பதால்தான் இந்தக் குமிழே தேவைப்படுகிறது.

* * *

ஒரு குறுக்குக் கேள்வி. கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் அளவுத்தாளில், தட்டின் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளிகள் உள்ளன. அவற்றைச் ‘சுழிப் புள்ளி’ (null point) என்று எழுதியிருக்கிறேன். அங்கே உள்ளிழுவையும் சுழிதானே?

* * *

இல்லை. அங்கே சுழியாவது கோணப் பிழை மட்டும். ஊசித்தண்டு பள்ளத்துக்குத் தொடுகோடாக நிற்கிறது, அவ்வளவே. அப்போதும் அந்தக் கோடு கையின் சுழல்மையத்தைத் தொடாது. இழுவை அப்படியே இருக்கும். ‘சுழிப் புள்ளி’ என்று எழுதினால் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். ‘தொடுகோட்டுப் புள்ளி’ என்று மாற்றுங்கள். லோஃப்கிரென் 1938-இலும் பேர்வால்ட் 1941-இலும் போட்ட வடிவியல் கணக்குதான் இது, பள்ளிக் கணிதச் சொல்லே போதும்.

கையேட்டில் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். அளவுத்தாளுக்காகக் கார்ட்ரிட்ஜை ஒரு மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினாலும் ஊசி அழுத்தம் கூடும். மறுபடி மிதக்கவிட்டு அளக்காமல் குமிழைத் தொடக் கூடாது.

* * *

‘தொடுகோட்டுப் புள்ளி’ ஏற்றேன், அந்த வரியையும் சேர்க்கிறேன். ஆன்ட்டி-ஸ்கேட்டிங்குக்கு ‘உள்ளிழுவை ஈடு’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். குமிழின் மேல் ஒலிபெயர்ப்பு, விளக்கத்தில் ‘உள்ளிழுவை ஈடு’. இப்படியே அனுப்பிவிடுகிறேன்.

* * *

அனுப்புங்கள். ஆனால் நான் உடன்படவில்லை. கையேட்டைப் பிடித்திருப்பவர் உள்ளிழுவையை ஒருபோதும் கண்ணால் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது ஒன்றுதான்: கை மிதக்கும்போது குமிழ் தப்பித்தவறி 2-இல் இருந்தால், கை தானாக வெளியே நகர்ந்து தாங்கியில் போய் முட்டும். அவரைப் பொறுத்தவரை அந்தக் குமிழின் வேலை வெளியே இழுப்பது. ‘வெளியிழுப்பு’ என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.