புதுப்பிப்பு: நெஞ்சுப் படபடப்புக்குக் கடைசியில் உளவியலாளரிடம் போனேன்

ராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செத்துவிடுவோமோ என்ற பயம் போகவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

நீங்கள் சிலர் சொன்ன 14416-க்குத்தான் முதலில் அழைத்தேன். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் தைராய்டு பார்த்தார்கள் (அதுவும் படபடப்பைத் தருமாம்), அப்புறம் உளவியலாளரிடம் அனுப்பினார்கள்.

அவர் கொடுத்த முதல் வேலையே எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி நாடி பார்ப்பதையும், கூகுளில் அறிகுறி தேடுவதையும் நிறுத்தச் சொன்னார், ஏனென்றால் அதில் கிடைக்கிற அந்த நேரத்து நிம்மதிதான் பயத்துக்குத் தீனி, மூளை "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று கற்றுக்கொள்கிறதாம். அதோடு விட்டாரா, மாடிப்படியில் வேகமாக ஏறி வேண்டுமென்றே நெஞ்சை அடிக்க வைத்து, எதுவும் செய்யாமல் அப்படியே நிற்கச் சொன்னார்! முதலில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் படபடப்பு உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குகிறது, அதைக் கண்ணெதிரே பார்த்தபின் பழைய மிரட்சி இல்லை.

இன்னொரு வேலை: கவலைக்கென்று சாயங்காலம் அரைமணி நேரம், எழுத ஒரு நோட்டு. மற்ற நேரத்தில் கவலை வந்தால் "அப்புறம் வா" என்று தள்ளிவைக்க வேண்டும். காபி காலையில் மட்டும்.

மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு: எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர், உங்களுக்கு வேறு மாதிரி சொல்லலாம். அம்மா இன்னும் மந்திரிக்கக் கூப்பிடுகிறார், சரி, போய்விட்டும் வருகிறேன். கூட்டமான பஸ்ஸில் ஏறுகிற பயம் மட்டும் இன்னும் பாக்கி.