பூங்காச் சுவரும் விளக்கும் திரும்பத் திரும்பச் சேதமாவதைத் தடுக்க வழி தேவை

வணக்கம். திருப்பரங்குன்றம் பகுதியிலுள்ள எங்கள் குடியிருப்பின் சிறு பூங்கா, சித்திரைத் திருவிழாவுக்கு முன் சீரமைக்கப்பட்டும், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. சந்துப் பக்கத்து எல்.இ.டி. விளக்கைக் கல்லெறிந்து உடைக்கிறார்கள். சிமென்ட் பெஞ்சின் சாய்மானத்தைப் பெயர்த்துவிட்டார்கள். ஆறடிச் சுவர் முழுவதும் காதணி விழா, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். மைதாப் பசை காய்ந்தபின் கிழித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வருகிறது.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கைப் பலகை வைத்தோம், அதன்மேலேயே ஒட்டினார்கள். விளக்குக்குக் கம்பிக்கூண்டு போட்டோம், கூண்டையே வளைத்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு வைகை, ஜல்லிக்கட்டுக் காட்சிகளை வரையச் செய்ததில், தேநீர்க்கடைக்கு எதிரே உள்ள சாலைப் பக்கம் இன்றுவரை பழுதில்லை. வீட்டு வாசலோ கடையோ இல்லாத சந்துப் பக்கத்து ஓவியம் மட்டும் சுவரொட்டிகளில் மறைந்துபோயிற்று. ஆகவே, படத்தைவிட ஆள் நடமாட்டமே காவல் என்று எனக்குத் தோன்றுகிறது. (கேமரா பொருத்தலாம் என்பார்கள், விளக்கே நிற்காத இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும்?)

சுவரை இரண்டடிக்குக் குறைத்து, அதன்மேல் நாலடி இரும்புக் கிராதி வைக்கவும், சந்துப் பக்கம் இன்னொரு வாயில் திறக்கவும் யோசிக்கிறோம். ஒட்டுவதற்குப் பரப்பு வெகுவாகக் குறையும் என்றாலும், கிராதியில் கால் வைத்து இரவில் உள்ளே இறங்குவது எளிதாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இவ்வாறு சுவரைக் குறைத்துக் கிராதி அமைத்த பூங்காவைப் பராமரித்த அனுபவமுள்ளவர்கள், அதன்பின் சேதம் குறைந்ததா, கூடியதா என்று சொல்ல முடியுமா?