ஊர் இளைஞர்களுக்கு வெள்ள மீட்புப் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

தாமிரபரணிக் கரையான் (கேள்வி)

ஏரலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, கைபேசி இல்லை, சாலை இல்லை. வெளியாட்கள் வந்து சேரும்வரை ஊரார் தங்களைத் தாங்களேதான் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இளைஞர்கள் சிலர் மீட்புக் குழு அமைக்கத் துடிக்கிறார்கள். எல்லோரும் ஆற்றில் குதித்து வளர்ந்தவர்கள், நீச்சலில் புலிகள். சீருடைச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. பயிற்சி எங்கே கிடைக்கும், முதலில் எதைக் கற்க வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்

தம்பி, சட்டை இருக்கட்டும். கயிறு வாங்கியாயிற்றா?

பணிக்காலம் முழுவதும் கிணற்றிலும் குளத்திலும் ஆள் தூக்கியவன் என்பதால் கறாராகவே சொல்கிறேன். குழுவில் முதலில் அடக்கி வைக்க வேண்டியது நீச்சல் புலிகளைத்தான். ஓடும் வெள்ளம் கணுக்காலைத் தாண்டினாலே ஆளைச் சாய்த்துவிடும். அடியில் முள்வேலி கிடக்கும், மின்கம்பி கிடக்கும், மூடியில்லாத சாக்கடையும் இருக்கும். முங்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். ஆகவே முதலில் கம்பை நீட்டுங்கள். எட்டவில்லையா, கயிற்றை எறியுங்கள். அதற்கும் எட்டவில்லையா, படகு. தண்ணீரில் இறங்குவது கடைசி வழி, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அதுவும் கூடாது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்வது சினிமாவுக்குச் சரி. நிஜத்தில் கரையில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, ஓட்டம் அவனைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

அடுத்தது முடிச்சு. ஊரில் எல்லோருக்கும் கை பழகியது சுருக்கு முடிச்சு. அதை ஒருவரின் அக்குளுக்கடியில் மாட்டித் தூக்கினால் உடல் எடைக்கு இறுகி நெஞ்சை நெரிக்கும். போலைன் முடிச்சில் விழும் கண்ணி எவ்வளவு இழுத்தாலும் அதே அளவில் நிற்கும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால் போடும்வரை பழகுங்கள். வெள்ளம் வரும் இரவில் யாரும் விளக்குப் பிடிக்கப் போவதில்லை. எறிவதற்குக் காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். மூடியை இறுக்கி அடைத்து, கைப்பிடியில் கயிற்றைக் கட்டினால் ஆள் பிடித்துக்கொண்டு மிதப்பார்.

முறையான பயிற்சிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ‘ஆப்த மித்ரா’ பற்றிக் கேளுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் திட்டம் அது. 2016இல் 30 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரிவாக்கினார்கள். பயிற்சி 12 நாள், வயது 18 முதல் 40 வரை. இடம் காலி இல்லை என்றால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஒத்திகை கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போய்விடுங்கள். ஐப்பசியில் போனால் அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது.

கிராமச் செவிலி

அண்ணாச்சி கரைக்குக் கொண்டுவந்துவிட்டார், மற்றதை நான் சொல்கிறேன். முங்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் உங்கள் ஊரில் அடியோடு நிறுத்துங்கள். அவருக்கு வேண்டியது காற்று. மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். அடுத்து நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 அழுத்தம், மறுபடி இரண்டு மூச்சு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையில் அமுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றவும் சேர்த்தே பழகுங்கள்.

தம்பி, உங்கள் குழுவில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா? முகாமில் நாப்கின் வேண்டும் என்று எந்தப் பெண்ணும் உங்களிடம் வந்து கேட்க மாட்டாள். மகளிர் சுயஉதவிக் குழுவினரைச் சேருங்கள். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், யார் இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலைத் தாளில் எழுதி வையுங்கள். கைபேசி அணைந்தால் அதிலிருக்கும் பட்டியலும் போச்சு.

வேதாரண்யத்துக்காரன்

2018 கஜா புயலில் எங்களுக்குப் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. நாங்கள் கேட்டது தார்ப்பாயும் மரம் அறுக்கும் இயந்திரமும். எதைக் கேட்டு வாங்குவது, எதை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது என்பதற்கும் ஒருவரைப் பழக்குங்கள். வாய் கொஞ்சம் நீளமானவராக இருந்தால் நல்லது.

தாமிரபரணிக் கரையான்

சட்டைக்கு வைத்த பணத்தில் மிச்சத்தைக் கயிற்றுக்குத் திருப்பிவிட்டோம், அண்ணாச்சி. கடையில் நைலான் கயிறு காட்டுகிறார்கள். வாங்கலாமா?

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்

எறிவதற்கு வேண்டாம், நைலான் தண்ணீரில் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் கேளுங்கள், அது மிதக்கும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம், 20 மீட்டர். வெயிலில் போட்டு வைக்காதீர்கள், இற்றுவிடும்.